இருட்டில் போட்ட கையெழுத்துகள்

1993 டிசம்பரில் மகாராஷ்டிர மாநில மின்வாரியம் தாபோல் மின் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. என்ரான், ஜெனரல் எலக்ட்ரிக், பெக்டெல் என்ற மூன்று அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து ரத்னகிரி மாவட்டக் கடலோரத்தில் மின்நிலையம் கட்டும். அதன் மின்சாரத்தை இருபது ஆண்டுகளுக்கு வாரியம் வாங்கும் என்பது ஏற்பாடு. முதல் கட்டம் 1999 மே மாதம் ஓடத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2001 மே மாதம், வாரியம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது, நிலையம் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் என்ரானே திவாலானது. துருப்பிடிக்கத் தொடங்கிய நிலையத்தைக் கையிலெடுக்க 2005-இல் தேசிய அனல்மின் கழகமும் கெயில் நிறுவனமும் சேர்ந்து ஒரு புதிய நிறுவனத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையை ஊழல் கதையாகவும் அந்நிய நிறுவனத்தின் பேராசைக் கதையாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இதை ஒரு கொள்முதல் கதையாகப் பார்க்கிறேன். எரிபொருள் விலை ஏறினால் யார் கொடுப்பது? ரூபாய் சரிந்தால் யார் தாங்குவது? மின்சாரமே தேவைப்படாமல் போனால் நட்டம் யாருடையது? இந்த மூன்று கேள்விகளையும் ஒப்பந்தம் எழுதியவர்கள் மறக்கவில்லை. மூன்றுக்கும் தெளிவாகப் பதில் எழுதிவைத்தார்கள். மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: மின்வாரியம்.

தனியார் உற்பத்தியாளரிடம் வாங்கும் அனல் மின்சாரத்தின் விலை பொதுவாக இரண்டு பகுதிகளால் ஆனது. போட்ட முதல், கடன் வட்டி, பங்குதாரர் லாபம் ஆகியவற்றுக்கு நிலைக் கட்டணம். எரித்த எரிபொருளுக்கு மாறும் கட்டணம். கல்யாண மண்டபம் பிடிக்கும் கணக்குதான் இது. கல்யாணம் நடந்தாலும் நின்றாலும் மண்டப வாடகை உண்டு. சாப்பாட்டுக்கு மட்டும் இலைக் கணக்கு. நிலையம் ஓடத் தயாராக இருந்தாலே நிலைக் கட்டணம் கட்டியாக வேண்டும். வாரியம் ஒரு யூனிட்கூட எடுக்காத மாதத்திலும் கட்ட வேண்டும். தாபோலின் முதல் கட்டம் நாப்தாவில் ஓடியது. 2000-இல் எண்ணெய் விலையோடு நாப்தா விலையும் ஏறியது. வாரியம் மலிவான நிலக்கரி மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொண்டு தாபோலில் எடுப்பதைக் குறைத்தது. குறைத்த அளவுக்கு நிலைக் கட்டணம் குறைந்த யூனிட்டுகளின் தலையில் ஏறியது. சில மாதங்களில் யூனிட் விலை 7 ரூபாயைத் தாண்டியது. விலை கூடியதால் எடுப்பது குறைந்தது. எடுப்பது குறைந்ததால் விலை மேலும் கூடியது.

இத்தனைக்கும் விற்பவருக்குப் பாதுகாப்பு ஏராளம். 1991-இல் மின் உற்பத்தி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதை அடுத்து 1992-இல் வந்த மத்திய அரசு அறிவிக்கை, நிலையம் தன் திறனில் 68.5 சதவீதம் ஓடினாலே பங்கு மூலதனத்துக்கு 16 சதவீத லாபம் என்று வரையறுத்தது. அதற்கு மேல் ஓடினால் ஊக்கத்தொகை. 'விரைவுத் தடத்தில்' சேர்க்கப்பட்ட எட்டுத் திட்டங்களில் தாபோலும் ஒன்று. நம் நெய்வேலியின் 250 மெகாவாட் பழுப்பு நிலக்கரித் திட்டமும் ஒன்று. தாபோலில் வாரியம் பணம் கட்டத் தவறினால் மாநில அரசின் உத்தரவாதம் இருந்தது. மாநில அரசும் தவறினால் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம். விற்பவர் எந்தப் படியில் தடுக்கினாலும் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தது. வாங்குபவரின் தேவைக் கணக்கு தவறினால் பிடிக்க எந்தக் கையும் இல்லை.

எச்சரிக்கைகளும் வராமல் இல்லை. இவ்வளவு பெரிய, விலை கூடிய நிலையத்தை மகாராஷ்டிரத்தின் மின்தேவை தாங்காது என்று சொல்லி 1993-லேயே உலக வங்கி கடன் தர மறுத்தது. புனேயின் பிரயாஸ் குழுவினர் ஒப்பந்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து 1995-இல் விரிவாக எழுதினார்கள். ஆட்சி மாறியதும் அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் ரத்தானது. ஆனால் மறுபேச்சுவார்த்தை நடந்து 1996-இல் முன்பைவிடப் பெரிதாக, 2,184 மெகாவாட்டுக்கான முழுத் திட்டமாகத் திரும்பி வந்தது. கடைசியில் 2001-இல் இதை ஆராய்ந்த, மாதவ் கோட்போலே தலைமையிலான குழு, இது பல படிகளில் பல அமைப்புகள் தம் கடமையைச் செய்யாததன் விளைவு என்ற பொருள்படவே அறிக்கை தந்தது.

எச்சரிக்கை இருந்தும் ஏன் கையெழுத்திட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. மின்கொள்முதலில் எரிபொருள் இடர், நாணய இடர், கட்டுமானத் தாமதம், சட்ட மாற்றம், பணம் வராத இடர் என்று பலவற்றைப் பாடநூல்கள் வரிசைப்படுத்தும். ஒவ்வொன்றையும் அதைக் கட்டுப்படுத்தக்கூடியவர் தலையில் வைக்க வேண்டும் என்று விதியும் சொல்லும். சரியான விதிதான். ஆனால் உலகின் பல மூலைகளில் நடந்த கொள்முதல்களை அடுக்கிப் பார்த்தால், எல்லா இடர்களுக்கும் தாய் போன்ற ஒன்று தெரிகிறது. அது கையெழுத்துப் போடும் நேரம். மின்வெட்டில் ஊர் தவிக்கும்போது அரசு மின்சாரம் தேடி ஓடுகிறது. அப்போது பேரம் பேசும் வலு விற்பவரிடம் இருக்கிறது. கேட்பது எல்லாம் கொடுக்கப்படுகிறது. நிலையம் கட்டி முடியும்போது பற்றாக்குறை தீர்ந்திருக்கும். ஒப்பந்தமோ இன்னும் இருபது ஆண்டு இருக்கும்.

பிலிப்பைன்ஸ் இதற்குத் தெளிவான சான்று. 1992, 1993-இல் மணிலாவில் தினமும் எட்டு, பத்து மணி நேரம் மின்சாரம் இருக்காது. அதிபர் ரமோஸுக்கு 1993-இல் தனிச் சட்டம் மூலம் அவசர அதிகாரம் வழங்கப்பட்டது. பேச்சுவார்த்தை மூலமே தனியாரோடு ஒப்பந்தங்கள் வேகமாகப் போடப்பட்டன. இருட்டு உண்மையிலேயே விலகியது. அந்தச் சாதனையை மறுக்க முடியாது. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் தொழில்கள் சுருங்கி மின்தேவை எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நின்றது. மின் ரசீதில் வாங்கிய மின்சாரத்துக்கான சரிக்கட்டல் என்று ஒரு தனி வரி வந்தது; 2002-இல் அந்த ஒரு வரியே மக்கள் கோபத்தின் பெயராக மாறியது.

இந்தோனேசியாவில் அதே நெருக்கடி நாணயத்தின் வழியாக அடித்தது. அரசு மின் நிறுவனமான பி.எல்.என். தொண்ணூறுகளில் 27 தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. விலை டாலர் கணக்கில். மக்களிடம் வசூலிப்பதோ ரூபியாவில். 1997-இன் நடுவில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூபியா. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 10,000-க்கும் மேல். ஒரே கையெழுத்து, ஒரே மின்சாரம்; உள்நாட்டுப் பணத்தில் விலை நான்கு மடங்கு. நிறுவனம் கட்ட முடியாமல் நின்றது. பைடான் நிலையத்துக்கான விலை நீண்ட இழுபறிக்குப் பின் யூனிட்டுக்கு 4.93 அமெரிக்க சென்ட்டாகக் குறைக்கப்பட்டது. மறுபேச்சு நடந்தது உண்மை. அதற்குள் ஐந்தாண்டுகள் போயிருந்தன.

பணக்கார நாடுகள் இதிலிருந்து தப்பின என்று நினைக்க வேண்டாம். தனியார் உற்பத்தியாளர் என்ற ஏற்பாட்டுக்கே பெரிய தொடக்கம் அமெரிக்காவின் 1978-ஆம் ஆண்டுச் சட்டம். மின் நிறுவனங்கள் தாமே உற்பத்தி செய்திருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அந்த விலைக்குச் சிறு உற்பத்தியாளர்களிடம் வாங்க வேண்டும் என்றது அது. எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நம்பிய காலம். கலிபோர்னியா அந்த நம்பிக்கையைப் பத்தாண்டு விலைப்பட்டியலாக ஒப்பந்தத்தில் எழுதியது. நியூயார்க் மாநிலம் யூனிட்டுக்குக் குறைந்தது ஆறு சென்ட் என்று சட்டமே போட்டது. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. நயாகரா மோஹாக் என்ற நியூயார்க் நிறுவனம் இந்த ஒப்பந்தங்களிலிருந்து விடுபட 1998-இல் உற்பத்தியாளர்களுக்குச் சுமார் 400 கோடி டாலர் மதிப்பில் பணமும் பங்குகளும் கொடுத்தது. அங்கே இருட்டு இல்லை. ஆனால் எண்ணெய் அதிர்ச்சியின் பயம் இருந்தது. பயத்தில் போட்ட கணிப்பும் இருட்டில் போட்ட கையெழுத்தும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இனி தமிழ்நாடு. நமக்கு ஒரு தாபோல் வரவில்லை. சிறு சிறு தாபோல்கள் வந்தன. சென்னை பேசின் பிரிட்ஜில் 196 மெகாவாட், மதுரை அருகே சமயநல்லூரில் 106, கிருஷ்ணகிரிப் பக்கம் சாமல்பட்டியில் 106. மூன்றும் கனரக எண்ணெயை எரிப்பவை. தரங்கம்பாடிக்கு அருகே பிள்ளைப்பெருமாநல்லூரில் 330 மெகாவாட். அது நாப்தாவையும் எரிவாயுவையும் நம்பியது. 1999 முதல் 2001 வரை இவை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. விரைவாகக் கட்டலாம், நகரத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், நிலக்கரி இணைப்புக்காக டெல்லியில் காத்திருக்க வேண்டாம் என்பதால் எண்ணெய் நிலையங்கள் கவர்ச்சியாகத் தெரிந்தன. எரிபொருள் செலவு முழுவதும் வாரியத்தின் கணக்கில் என்பதால் விற்பவருக்கு எண்ணெய் விலையைப் பற்றிய கவலை இல்லை. கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் விற்ற காலத்துக் கணக்கு, 100 டாலர் விற்ற காலத்தில் யூனிட்டுக்கு 10 ரூபாயைத் தாண்டியது.

வேண்டாம் என்று அந்த நிலையங்களை நிறுத்திவைத்திருக்கலாமே என்று கேட்கலாம். 2008 முதல் தமிழ்நாட்டில் பற்றாக்குறை. தொழிற்சாலைகளுக்குக் கட்டாய வெட்டு. 2012-இல் சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால் மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம். கோவையின் சிறு பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடி நொடித்துப்போன காலம் அது. பத்து ரூபாய் மின்சாரத்தையும் வாரியம் எடுத்தாக வேண்டியிருந்தது. வெளியே சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ மலிவாகக் கிடைத்த மின்சாரம் இங்கே வர வழியும் குறுகலாக இருந்தது. தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியாக ஒன்றிணைந்தது 2013 டிசம்பர் 31-இல்தான். விற்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார், நடுவில் கம்பி இல்லை. மின்கொள்முதல் பேச்சுகளில் அதிகம் கவனிக்கப்படாத இடர் இது.

அந்த நெருக்கடியின் உச்சத்தில்தான் 2013-இல் தமிழ்நாட்டின் மின் உற்பத்தி, பகிர்மானக் கழகமான டான்ஜெட்கோ 15 ஆண்டுகளுக்கு 3,330 மெகாவாட்டை, யூனிட் சராசரி ரூ.4.91 என்ற விலையில், பல தனியார் நிறுவனங்களிடம் வாங்க ஒப்புக்கொண்டது. போட்டி ஏலம்தான், பேசின் பிரிட்ஜ் காலத்து முறையைவிட நூறு மடங்கு மேலானது. ஆனாலும் கவனியுங்கள்: நாடு முழுவதும் புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டி முடியும் தறுவாயில் வாங்குவோரைத் தேடி நின்ற நேரம் அது. சில ஆண்டுகளிலேயே மின்சந்தையில் பல மாதங்களில் இதைவிடக் குறைந்த விலையில் மின்சாரம் கிடைத்தது. இந்த 3,330 மெகாவாட்டை மூன்று பங்காகப் பிரித்து மூன்று ஆண்டுகளில், ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுக் கெடுவில் வாங்கியிருந்தால்? மொத்தத்தையும் ஒரே நாள் விலையில் கட்டிவைக்க வேண்டியிருந்திருக்காது. பின்னால் நின்று சொல்வது எளிது என்பது தெரியும். ஆனால் பிரித்து வாங்கு என்ற பாடத்துக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதிர்காலம் தெரியாதவருக்கான பாடமே அது.

எரிபொருள் இடரை விற்பவர் தலையில் வைத்தால் பிரச்சினை தீருமா? அதையும் நாம் செய்து பார்த்திருக்கிறோம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, ஏலத்தில் வந்த விலையை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அப்படியே ஏற்க வேண்டும் என்றது. குஜராத்தின் முந்த்ராவில் 4,000 மெகாவாட் மாபெரும் மின்திட்டத்தை டாடா நிறுவனம் யூனிட் ரூ.2.26 என்று கேட்டு வென்றது. அதே முந்த்ராவில் அதானி நிறுவனமும் குறைந்த விலை கேட்டுக் குஜராத்துக்கும் ஹரியானாவுக்கும் விற்க ஒப்பந்தம் போட்டது. இரண்டும் பெருமளவு இந்தோனேசிய நிலக்கரியை நம்பியவை. 2010 செப்டம்பரில் இந்தோனேசிய அரசு நிலக்கரியைச் சர்வதேச விலைக்குக் குறையாமல்தான் விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஏலத்தில் கேட்ட விலையில் உற்பத்தி செய்தால் நட்டம் என்ற நிலை.

இழப்பீடு கேட்டு வழக்கு பல படிகள் ஏறியது. மத்திய ஆணையம் இழப்பீட்டு விலை தந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வேறொரு காரணம் சொல்லி நிவாரணத்தை ஏற்றது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வெளிநாட்டுச் சட்டம் மாறியது ஒப்பந்தம் சொல்லும் சட்ட மாற்றம் ஆகாது. விலை ஏறியதால் ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. விலை ஏறும் இடரை ஏலத்தில் தானே ஏற்றவர் சுமக்க வேண்டும் என்றது தீர்ப்பு. உள்நாட்டு நிலக்கரி ஒதுக்கீடு குறைந்ததை மட்டும் சட்ட மாற்றமாக ஏற்றது. சட்டப்படி மிகத் தெளிவான தீர்ப்பு. நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். இல்லையென்றால் ஏலத்தில் குறைத்துக் கேட்டு வென்றுவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்வதே தொழிலாகியிருக்கும்.

ஆனால் தீர்ப்பு மின்சாரம் தராது. 2021 இலையுதிர் காலத்தில் உலக நிலக்கரி விலை எகிறியபோது முந்த்ராவின் டாடா நிலையம் பெரும்பாலும் நின்றது. நட்டத்துக்கு ஓட்டுவதைவிட நிறுத்திவைப்பது அவர்களுக்கு மலிவு. 2022 கோடையில் நாடெங்கும் மின்தேவை உயர்ந்ததும் மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு தரும் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி, இறக்குமதி நிலக்கரி நிலையங்கள் அனைத்தையும் முழுத்திறனில் ஓட்டச் சொன்னது. நிலக்கரிச் செலவைக் கொள்முதல் செய்வோர் தர ஏற்பாடானது. காகிதத்தில் விற்பவர் தோளில் இருந்த இடர், தட்டுப்பாட்டு மாதத்தில் வாங்குபவர் தோளுக்கு வந்துசேர்ந்தது. தாங்க முடியாத இடரை ஒருவர் மீது ஏற்றினால் அது அவரிடம் நிற்காது. முந்த்ராவில் நான் படிக்கும் பாடம் இது: எரிபொருள் விலையின் ஒரு பகுதியை ஓர் அறியப்பட்ட குறியீட்டோடு இணைத்து, ஒரு வரம்புவரை இரு தரப்பும் பகிர்ந்துகொள்வது வாங்குபவருக்கும் நல்லது. மிகக் குறைந்த விலை கேட்பவரை ஏலத்தில் தேர்ந்தெடுக்கும்போது, அந்த விலையில் அவரால் இருபது ஆண்டு நிற்க முடியுமா என்று கேட்பதும் கொள்முதல் செய்பவரின் வேலை.

சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவில்லை என்பதால் அங்கே இடரே இல்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே இடர் தலைகீழாக வருகிறது: இன்று வாங்குவது நாளை மலிவாகிவிடும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு 2015-இல் 25 ஆண்டுகளுக்கு யூனிட் ரூ.7.01 என்று ஒப்பந்தமானது. அது ஆணையம் நிர்ணயித்த விலை, ஏலம் அல்ல. இரண்டே ஆண்டுகளில், 2017-இல், தமிழ்நாட்டின் சொந்த ஏலத்திலேயே 1,500 மெகாவாட் ரூ.3.47-க்கு வந்தது. அதே ஆண்டு ராஜஸ்தானின் பட்லாவில் ரூ.2.44. தகடுகளின் விலை உலகெங்கும் சரிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. விலை வேகமாகச் சரியும் பொருளை மொத்தமாக ஒரே விலையில் கால் நூற்றாண்டுக்கு வாங்குவதை எந்தக் கடைக்காரரும் செய்யமாட்டார்.

கையெழுத்திட்ட பிறகு விலை குறைந்துவிட்டதே என்று ஒப்பந்தத்தை உடைக்கலாமா? ஆந்திரம் அதை முயன்றது. 2019 ஜூலையில் புதிய அரசு காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்ய ஒரு பேச்சுவார்த்தைக் குழுவை அமைத்தது. உற்பத்தியாளர்களுக்குக் குறைந்த விலையே கொடுக்கப்பட்டது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இடையில் உற்பத்தியாளர்களின் வங்கிக் கடன்கள் தடுமாறின. ஆந்திரத்தில் முதலீடு செய்ய வருபவர் அந்தப் பயத்தையும் விலையில் சேர்த்துக் கேட்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழ்நாடு ஒப்பந்தத்தை உடைக்கவில்லை. ஆனால் சூரிய மின்நிலையங்களை உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது. 2021 ஆகஸ்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் அப்படிக் குறைக்கச் சொன்னதற்கு ஒப்பந்த விலையில் 75 சதவீதத்தை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என்றது. வேண்டாத மின்சாரத்தை எடுக்காமல் தப்பிக்கும் வழியும் அத்தோடு குறுகிவிட்டது.

வாங்குபவரின் கண்ணோட்டத்திலேயே இதுவரை பேசிவிட்டேன். விற்பவருக்கு ஓர் இடர் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது: பணம் வராதது. அதில் நம் மாநிலத்தின் பெயர் நல்ல பெயரல்ல. காற்றாலைக்காரர்கள் மாதக்கணக்கில், சில காலங்களில் ஓராண்டுக்கும் மேலாக, பாக்கிக்குக் காத்திருந்தார்கள். 2019 ஆகஸ்ட் முதல் கடன் உறுதிக் கடிதம் வைத்த பிறகே மின்சாரம் அனுப்பப்படும் என்று மத்திய அரசு விதி செய்தது. 2022 ஜூனில் வந்த தாமதக் கட்டண விதிகள் பழைய பாக்கியை 48 தவணைவரை பிரித்துக் கட்ட வழிவிட்டன. பிறகும் கட்டாதவர்களுக்கு மின்சந்தையின் கதவை மூடச் சொன்னன. அந்த ஆகஸ்டில் 13 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் விநியோக நிறுவனங்களுக்குச் சந்தை மூடப்பட்டது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பாக்கி என்பது ஏதோ தனியாருக்கு இழைத்த தாமதம் என்று கடந்துபோக முடியாது. அடுத்த ஏலத்தில் அவர் கேட்கும் விலையில் அது வட்டியோடு திரும்பி வருகிறது. நேர்மையாகக் கட்டும் மாநிலத்துக்கு ஒரு விலை, இழுக்கும் மாநிலத்துக்கு ஒரு விலை. மின்கட்டணத்தை எட்டு ஆண்டுகள் உயர்த்தாமல் 2022 செப்டம்பரில் ஒரேயடியாக உயர்த்தியதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

கடலுக்கு அப்பால் இலங்கையில் எல்லா இடரும் ஒரே நேரத்தில் வந்தன. 1998 முதல் சப்புகஸ்கந்தையிலும் மற்ற இடங்களிலும் தனியார் எண்ணெய் நிலையங்களை இலங்கை மின்சார சபை நம்பியது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் நீர்மின்சாரம் குறைய, அவசரக் கொள்முதல் கூடியது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டதும் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து 360-ஐ நோக்கிப் போனது. எண்ணெய் வாங்க டாலரும் இல்லை. அந்த மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டு. அந்த இருட்டின் நிழலில்தான் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளுக்கு அதானி நிறுவனத்தோடு, போட்டி ஏலமின்றி, பேச்சு நடந்தது. 2024-இல் யூனிட் 8.26 அமெரிக்க சென்ட் என்று இருபது ஆண்டுகளுக்கு அரசு ஒப்புதல் தந்தது. விலை டாலரில். புதிய அரசு 2025 ஜனவரியில் அந்த விலைக்கான ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னார் கடற்கரையில் மின்சார சபையே ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கட்டிய 100 மெகாவாட் காற்றாலைப் பண்ணை ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது. சொந்தமாகக் கட்டுவதா, வாங்குவதா என்ற கேள்வியையே கேட்காமல் நேரே வாங்கப் போவதும் ஓர் இடர் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று. மன்னார் மீனவர்களும் பறவை ஆர்வலர்களும் எழுப்பிய கேள்விகள் இன்னொரு பக்கம். உள்ளூர் எதிர்ப்பையும் ஒப்பந்தம் கணக்கில் கொள்ள வேண்டும்.

கட்டுப்பாடு கூடினால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்லமாட்டேன். கேரள மின்வாரியம் 2014-இல் 465 மெகாவாட்டை 25 ஆண்டுகளுக்கு வாங்கச் செய்த ஒப்பந்தங்களை, ஏல நடைமுறை மீறப்பட்டது என்று சொல்லி 2023 மே மாதம் மாநில ஆணையம் நிராகரித்தது. விலை யூனிட் அதிகபட்சம் ரூ.4.29, நிராகரித்தபோதைய சந்தையோடு ஒப்பிட்டால் மலிவு. பிறகு அதைவிடக் கூடிய விலைக்கு மின்சாரம் தேட வேண்டியதாயிற்று. நடைமுறையை முதலிலேயே சரியாகச் செய்யாதது வாரியத்தின் தவறு. ஒன்பது ஆண்டுகள் கழித்து முடிவு சொன்னது ஆணையத்தின் தவறு. ஒப்பந்தத்தை ஆராய வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முந்தைய மூன்று மாதங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் ஒவ்வொரு விநியோக நிறுவனமும் பத்தாண்டுத் தேவையை ஆண்டுதோறும் கணித்துத் திட்டமிட வேண்டும் என்கிறது. பெரும்பகுதியை நீண்டகால ஒப்பந்தங்களிலும், எஞ்சியதை நடுத்தர, குறுகியகால ஒப்பந்தங்களிலும் வாங்கச் சொல்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் நீண்டகாலப் பங்குக்குள்ளேயே தவணை வைக்க வேண்டும் என்பது என் வாதம். மின்வெட்டு இல்லாத ஆண்டிலும் ஒரு பங்கு வாங்க வேண்டும். மின்வெட்டு ஆண்டில் வாங்கும் அளவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். அவசரத் தேவைக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் அது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அவசரத்தில் போட்ட ஒப்பந்தம் தானாகவே குறுகியதாக இருக்க வேண்டும். தேவைக் கணிப்பைச் செய்பவர் ஒப்பந்தம் போடும் அதிகாரியின் கீழ் இருக்கக் கூடாது. நிலைக் கட்டணம் முழுக்க ரூபாயில். விலக விரும்பினால் என்ன தொகை கட்டி விலகலாம் என்பது முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். நயாகரா மோஹாக் அந்தத் தொகையைப் பல ஆண்டுகள் கழித்துப் பேரம் பேசிக் கண்டுபிடித்தது.

இது உடனடியாகத் தேவைப்படும் இடம் மின்சேமிப்பு. மே முதல் செப்டம்பர் வரை காற்றும், பகலில் வெயிலும் தரும் மின்சாரத்தைச் சாயங்கால உச்சத்துக்குச் சேமித்து வைக்க மின்கல நிலையங்கள் வேண்டும். அவற்றை அமைப்பவருக்கு ஒரு மெகாவாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகைதான் தரப்படுகிறது. அதாவது முழுக்க நிலைக் கட்டணம். மின்கல விலை, ஒருகாலத்தில் சூரியத் தகடுகள் சரிந்ததைப் போலச் சரிந்துகொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மொத்தத் தேவையையும் ஒரே ஏலத்தில் வாங்கினால் கமுதியின் ரூ.7.01 கணக்கு வேறு பெயரில் திரும்ப எழுதப்படும். ஆண்டுக்கு ஒரு பங்கு என்று வாங்கினால் ஒவ்வோர் ஆண்டின் விலைச்சரிவும் நமக்கே. எந்த வழி என்று முடிவெடுக்கும் முன், தேவைக் கணிப்பும் ஒப்பந்த வரைவும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணைக்குத் தமிழில் வைக்கப்பட வேண்டும். சோமனூர் விசைத்தறிக்காரரும் திருப்பூர் பின்னலாடை ஆலைக்காரரும் அவற்றை வாசித்துக் கேள்வி கேட்க முப்பது நாளாவது வேண்டும். அந்த வாடகையைக் கட்டப்போகிறவர்கள் அவர்கள்தான்.